வீட்டு இன்டர்நெட் மந்தமா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

"அண்ணை, நெட் சரியான ஸ்லோ. செட்டிங்ஸில ஏதாவது மாத்தி விடுங்கோ." கிளிநொச்சி நகரில் ஃபைபர் இணைப்பு எடுத்தவரும் இப்படித்தான் கூப்பிடுகிறார், ஒட்டுசுட்டான் பக்கம் காட்டோர வீட்டில் 4ஜி ரவுட்டர் வைத்திருப்பவரும் இப்படித்தான் கூப்பிடுகிறார். இரண்டு வீட்டிலும் பிழை ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கணினியில் எதை மாற்றினாலும் வெளியிலிருந்து வருகிற வேகம் கூடாது. வருகிற வேகத்தைக் கணினி வேறெதற்கோ செலவழித்தால் அதை மட்டும் நிறுத்தலாம். வன்னியில் பல வீடுகளுக்கு வந்து சேர்வதே கொஞ்சம்தான். அதனால் அப்படி நிறுத்துவதிலேயே நல்ல வித்தியாசம் தெரியும்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாதது முதலில், செலவு கூடியது கடைசியில். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். பெயர்கள் சில இடங்களில் கொஞ்சம் மாறியிருக்கும்.

## முதலில்: பிழை எந்தப் பக்கம்?

இதைச் செய்யாமல் எந்த செட்டிங்கையும் தொட வேண்டாம்.

வீட்டில் உள்ள மற்ற ஃபோன்களின் வைஃபையை நிறுத்துங்கள். ஒரு ஃபோனை எடுத்து, அதில் மொபைல் டேட்டாவை ஒஃப் பண்ணி, ரவுட்டருக்கு இரண்டு மூன்று அடி தள்ளி நின்று வேகச் சோதனை செய்யுங்கள். அதே இடத்தில் கணினியை வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். இரண்டு எண்களையும் நேரத்தோடு எழுதி வையுங்கள். காலை ஒரு தடவை, இரவு எட்டு மணிக்கு ஒரு தடவை.

எண்ணைப் படிக்கும்போது ஒரு குழப்பம் அடிக்கடி வரும். வேகச் சோதனை காட்டுவது மெகாபிட். டவுன்லோட் நடக்கும்போது பிரவுசர் காட்டுவது மெகாபைட். எட்டு மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு மெகாபைட். "16 என்று சொல்லி 2தான் தருகிறார்கள்" என்று கோபப்படுபவர்களில் பலருக்கு லைன் சரியாகத்தான் இருக்கிறது. யூடியூபில் 480பி படத்துக்கு ஏறக்குறைய 1.1 மெகாபிட் போதும், 720பி என்றால் 2.5, 1080பி என்றால் 5.

அடுத்தது பிங், அதாவது ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பது. விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்தி, வரும் பெட்டியில் சி, எம், டி என்ற மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் தட்டினால் கறுப்புத் திரை வரும். அதில் பிங் என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள். முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். பெரும்பாலும் 192.168.8.1 அல்லது 192.168.1.1. பதில் சில மில்லி செக்கனில் வர வேண்டும். ஐம்பது, நூறு என்று ஏறி இறங்கினாலோ, நடுவில் பதிலே வராமல் போனாலோ, பிழை உங்கள் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையில். அது சுத்தமாக இருந்தால் வெளியே உள்ள கூகிளின் 8.8.8.8 என்ற முகவரிக்கு அதையே செய்யுங்கள். இங்கே மட்டும் தடுமாறினால் பிழை ரவுட்டருக்கு அப்பால்.

ஃபோனில் நன்றாக, கணினியில் மட்டும் மோசம் என்றால் அறிகுறி 1. இரண்டிலும் மோசம் என்றால் 2. எண் நன்றாக இருந்தும் கோல் அறுகிறது என்றால் 3. தளம் திறக்க மட்டும் இழுக்கிறது என்றால் 4. கரண்ட் போய் வந்த பிறகு அல்லது இடி மின்னலுக்குப் பிறகு என்றால் 5.

## அறிகுறி 1: ஃபோனில் வேகம், கணினியில் மட்டும் மந்தம்

செட்டிங்ஸ் உண்மையாகவே உதவுவது இங்கேதான். அதனால் இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அ. இன்டர்நெட்தான் மந்தமா, கணினியே மந்தமா?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்று நிரல்கள் இருக்கும். டிஸ்க் 100 வீதத்தில் நிற்கிறது, நெட்வொர்க் கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது என்றால், இன்டர்நெட்டில் பிழை இல்லை. நான்கு ஜிபி மெமரியும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கும் உள்ள லப்டொப்தான் இங்கே உயர்தரப் பிள்ளைகள் பலரிடம் இருக்கிறது. பிரவுசரில் பத்து டாப் திறந்தவுடன் அது திணறும், பிள்ளை நெட் ஸ்லோ என்று சொல்லும்.

டாப்களை மூடுங்கள். டாஸ்க் மேனேஜரில் "ஸ்டார்ட்அப்" பகுதிக்குப் போய், கணினி தொடங்கும்போதே எழும்பத் தேவையில்லாதவற்றை டிசேபிள் பண்ணுங்கள். குரோமில் "பெர்ஃபோமன்ஸ்" பகுதியில் மெமரி சேவரைப் போடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஹார்ட் டிஸ்கை, சுழலும் பாகம் இல்லாத வேகமான எஸ்எஸ்டியாக மாற்றுவதுதான் வழி. இன்டர்நெட் பக்கேஜைப் பெரிதாக்கக் காசு கட்ட முன் இதை யோசியுங்கள். பழைய லப்டொப்புக்கு இதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை.

ஆ. பின்னால் எது இழுக்கிறது?

டாஸ்க் மேனேஜரில் நெட்வொர்க் நிரலின் தலைப்பை ஒருமுறை சொடுக்கினால் கூட இழுப்பவை மேலே வரும். செட்டிங்ஸில் "நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்" வழியாக "டேட்டா யூசேஜ்" என்ற இடத்துக்குப் போனால் கடந்த 30 நாளில் எந்தச் செயலி எவ்வளவு தின்றது என்பதும் தெரியும். பகலுக்குரிய டேட்டா மாதம் முடிய முன்னரே தீர்ந்துபோகிற வீடுகளில் இந்தப் பட்டியலை முதலில் பார்க்க வேண்டும்.

வழக்கமாக அகப்படுபவை மூன்று.

விண்டோஸ் அப்டேட். உங்கள் வைஃபை இணைப்பின் "ப்ரொப்பட்டீஸ்" உள்ளே "மீட்டர்ட் கனெக்ஷன்" என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதை ஒன் பண்ணுங்கள். அளவிட்ட டேட்டா என்று விண்டோஸுக்குத் தெரிந்துவிடும், பெரிய அப்டேட்களைத் தானாக இறக்காமல் உங்களைக் கேட்கும். 4ஜி ரவுட்டர் உள்ள எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் மாற்றுவது இந்த ஒன்றைத்தான். ஆனால் அப்டேட்டை அப்படியே மறந்துவிடக் கூடாது, பாதுகாப்புத் திருத்தங்கள் அதில்தான் வருகின்றன. உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால், மாதம் ஒரு தடவை அந்த நேரத்தில் நீங்களே அப்டேட்டைப் போடுங்கள்.

டெலிவரி ஒப்டிமைசேஷன். அப்டேட்டின் "அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்" உள்ளே இருக்கும். உங்கள் கணினி இறக்கிய அப்டேட்டை மற்றக் கணினிகளுக்கு அனுப்ப இது இடம் கொடுக்கிறது. இன்டர்நெட்டில் உள்ள கணினிகளுக்கும் கொடு என்று இருந்தால் உங்கள் அப்லோட் வெளியே போய்க்கொண்டிருக்கும். ஒஃப் பண்ணிவிடுங்கள். அதே பக்கத்தில் டவுன்லோட் வேகத்துக்கு உச்ச வரம்பும் போடலாம்.

ஒன்டிரைவ், கூகிள் டிரைவ் போன்றவை. திருமண வீட்டு வீடியோவை டெஸ்க்டொப்பில் போட்டு வைத்திருப்பார்கள், ஒன்டிரைவ் அதை மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் உள்ள மேகப் படத்தைச் சொடுக்கி "போஸ்" கொடுத்து, வேகம் மீள்கிறதா என்று பாருங்கள்.

இ. விபிஎன், ப்ரொக்ஸி

2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது ஆளாளுக்கு இலவச விபிஎன் போட்டார்கள். அது இன்னும் பிரவுசரில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்தையும் வெளிநாட்டைச் சுற்றிக் கொண்டுவரும். வேலைக்குத் தேவையில்லை என்றால் எடுத்துவிடுங்கள். செட்டிங்ஸில் "ப்ரொக்ஸி" பகுதியையும் திறந்து பாருங்கள், ப்ரொக்ஸி என்பது உங்கள் இன்டர்நெட்டை நடுவில் நின்று கடத்தும் வேறொரு கணினி. நீங்கள் போடாத முகவரி அங்கே இருந்தால் அதை ஒஃப் பண்ணி, விண்டோஸ் செக்யூரிட்டியில் முழு ஸ்கான் ஓட விடுங்கள். அணைத்த ப்ரொக்ஸி திரும்பத் திரும்ப வந்தால் வைரஸ் என்றே எடுத்துக்கொண்டு, கணினியைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வங்கிக் கணக்கை அந்தக் கணினியில் திறக்க வேண்டாம்.

ஈ. வைஃபை

பெரும்பாலான ரவுட்டர்கள் 2.4, 5 என்று இரண்டு கிகாஹேர்ட்ஸ் அலைகளில் வைஃபை தரும். 5 வேகமானது, ஆனால் சீமெந்துச் சுவர் இரண்டைத் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு, ப்ளூடூத்தும் பக்கத்து வீட்டு வைஃபையும் அதிலேயே நெரிபடும். ஒரே அறையில் இருந்தால் 5, தள்ளி இருந்தால் 2.4. 2.4 அலை சனல் என்ற பிரிவுகளாக இருக்கும், ரவுட்டரின் செட்டிங்ஸில் அதை 1, 6, 11 மூன்றில் ஒன்றாக வையுங்கள், நடுவில் உள்ளவை இரண்டு பக்கமும் இடிபடும்.

கணினியில் குத்தி வைஃபை பிடிக்கச் சந்தையில் கிடைக்கும் குட்டி யுஎஸ்பி டொங்கிள் 2.4 மட்டும்தான் பிடிக்கும் என்றால் அதன் எல்லையே குறைவு. இன்னொன்று: டொங்கிளுக்குப் பக்கத்துத் துளையில் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் குத்தியிருந்தால், அதன் இரைச்சல் 2.4 அலையைக் குழப்பும். டொங்கிளை ஒரு நீட்டு வயரில் போட்டு மேசைக்கு மேலே எடுங்கள்.

லப்டொப் பற்றரியில் ஓடும்போது மட்டும் மந்தமா? டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்து, "பவர் மேனேஜ்மென்ட்" என்ற பகுதியில் மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற பெட்டியில் உள்ள சரி அடையாளத்தை எடுங்கள். சில லப்டொப்களில் அந்தப் பகுதியே இராது. அப்போது விட்டுவிடுங்கள்.

இவ்வளவும் செய்து சரிவராவிட்டால் ஒரு நெட்வொர்க் கேபிளை ரவுட்டரிலிருந்து நேரே கணினிக்குப் போடுங்கள். கேபிளில் வேகம் வந்தால் வைஃபை அடாப்டரில்தான் பிழை. புதிய டொங்கிள் வாங்கலாம், அல்லது கேபிளையே நிரந்தரமாக ஓடவிடலாம். மேசைக் கணினி என்றால் நான் கேபிளைத்தான் சொல்வேன். கேபிளிலும் மந்தம் என்றால் கடைசியாக "நெட்வொர்க் ரீசெட்". இது வைஃபை பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் அழித்துவிடும், முதலில் எழுதி வையுங்கள். அதற்குப் பிறகும் அப்படியே இருந்தால் திருத்துபவரிடம் கொண்டுபோகலாம்.

## அறிகுறி 2: எல்லாக் கருவியிலும் மந்தம்

கணினி செட்டிங்ஸை மறந்துவிடுங்கள். அங்கே ஒன்றும் கிடைக்காது.

இரவில் மட்டும் என்றால்: ஏழு மணிக்குப் பிறகு ஒரு டவரில் உள்ள எல்லா வீடும் ஒரே நேரத்தில் படம் பார்க்கிறது. காலை ஆறு மணிக்கு 20 காட்டி இரவு எட்டுக்கு 2 காட்டினால் இதுதான் காரணம். பெரிய டவுன்லோட்களை விடியற்காலைக்குத் தள்ளுங்கள். யூடியூபில் தரத்தை 480பிக்கு இறக்குங்கள். வேறு நிறுவனத்தின் டவர் பக்கத்தில் இருக்கிறதா என்று, அந்த சிம் உள்ள உறவினர் ஒருவரை இரவு எட்டு மணிக்கு வீட்டுக்குக் கூப்பிட்டு, அவர் ஃபோனில் சோதித்துப் பாருங்கள். பகலில் பார்த்துவிட்டு சிம் மாற்றினால் பிறகு வருந்த வேண்டிவரும்.

குறித்த திகதிக்குப் பிறகு என்றால்: டேட்டா முடிந்து வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். நிறுவனத்தின் செயலியில் மிச்சத்தைப் பாருங்கள். முடியவில்லை, ஆனால் நீங்கள் பாவித்ததைவிடக் கூடக் குறைந்திருக்கிறது என்றால் வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டை வந்துபோன எல்லோரும் படம் எடுத்திருப்பார்கள்.

எப்போதும் என்றால்: 4ஜியில் சிக்னல்தான். பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைத் தட்டி உள்ளே போய், சாதன விபரம் உள்ள பக்கத்தில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னலின் பலம். −80க்குக் கிட்ட இருந்தால் மிக நல்லது, −100 சமாளிக்கலாம், −110ஐத் தாண்டினால் மோசம். எஸ்ஐஎன்ஆர் என்பது சுத்தம். 20க்கு மேல் என்றால் அருமை, பூச்சியத்துக்குக் கீழே என்றால் எவ்வளவு பலம் இருந்தும் பயனில்லை. முன்னால் எரியும் கோடுகளை நம்ப வேண்டாம், இந்த எண்களை நம்புங்கள்.

இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தபடியே ரவுட்டரை நகர்த்துங்கள். தகரக் கூரையும் தகரச் சுவரும் அலையைத் திருப்பி அடிக்கும். வீட்டு நடுவில், அலுமாரிக்குள், டிவிக்குப் பின்னால் வைத்த ரவுட்டரை டவர் உள்ள பக்கத்து ஜன்னலுக்குக் கொண்டுபோய், ஆள் உயரத்துக்கு மேலே வைத்தாலே ஆர்எஸ்ஆர்பி எண் பத்து வரை மாறுவதுண்டு. கூரைத் தகரத்தோடு ஒட்டி வைக்க வேண்டாம், சித்திரை வெயிலில் ரவுட்டர் கொதித்துத் தானாக நின்று நின்று வேலை செய்யும். ஓர் இடத்தில் வைத்து ஒரு நிமிடம் பொறுங்கள், எண் அடங்கிய பிறகு எழுதுங்கள், அப்புறம் அடுத்த இடம். ரவுட்டர் பக்கத்தில் நெட்வொர்க் வகை "ஓட்டோ" என்றிருந்தால் "4ஜி ஒன்லி" ஆக்கியும் பாருங்கள்.

வீட்டுக்கும் டவருக்கும் நடுவில் மாமரமோ பனங்கூடலோ நின்றால், மழை பெய்து இலை நனைந்த நாளில் எண் இன்னும் இறங்கும். நெடுங்கேணி, துணுக்காய் போன்ற இடங்களில் டவருக்கும் வீட்டுக்கும் இடையே காடு நின்றால் ஜன்னல் போதாது. கூரைக்கு மேலே குழாய் நட்டு வெளி அன்டனா பூட்ட வேண்டும். வாங்க முன் ரவுட்டரின் பின்னால் 4ஜி அன்டனாவுக்குத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். வைஃபை கொம்பு பூட்டும் துளை வேறு. வயர் நீள நீள சிக்னல் அதிலேயே கரையும், ஆகவே குறுகிய வயர் எடுங்கள். குழாயை இறுக்கிக் கட்டுங்கள், சோளகக் காற்று அன்டனாவைத் திருப்பிவிடும். ஏறிப் பூட்டுவதற்கு அந்த வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள், மின்கம்பி பக்கத்தில் போனால் கட்டாயம்.

ஃபைபர் என்றால்: பெட்டியில் சிவப்பு விளக்கு மினுங்கினால் வெளி லைன் போய்விட்டது. நிறுவனத்தைத்தான் கூப்பிட வேண்டும். மெல்லிய ஃபைபர் வயரை மடிக்கவோ கழற்றி உள்ளே பார்க்கவோ வேண்டாம்.

## அறிகுறி 3: வேகச் சோதனை நல்ல எண், ஆனால் சூம் வகுப்பும் கனடாக் கோலும் அறுகிறது

டவுன்லோட் எண்ணை மட்டும் பார்த்திருப்பீர்கள். அப்லோட்டைப் பாருங்கள். உங்கள் முகமும் குரலும் போவது அந்த வழியால்தான். அப்லோட் நிரம்பினால் வருவதும் சேர்ந்து நிற்கும், ஏனென்றால் வந்ததற்கான பதில்களும் அதே வழியால் போக வேண்டும்.

கோல் நடக்கும்போது வீட்டில் ஏதாவது ஒரு ஃபோன் படங்களை கூகிள் ஃபோட்டோஸுக்கு ஏற்றுகிறதா என்று பாருங்கள். கோவில் திருவிழா முடிந்த மறுநாள் இந்தப் பிழை கூட வரும். ஃபோனில் பக்கப்பை இரவில் மட்டும் ஓடவிடுங்கள். சூமில் எச்டி வீடியோவை அணையுங்கள். ஆசிரியர் கேட்காத நேரம் கமராவையும் அணைக்கலாம். அப்போதும் அறுந்தால் கேபிள் போட்டு 8.8.8.8க்குப் பிங் செய்யுங்கள். பதில் இடையிடையே காணாமல் போனால் அறிகுறி 2இல் உள்ள சிக்னல் வேலைக்குப் போங்கள்.

## அறிகுறி 4: தளம் திறக்க இழுக்கிறது, திறந்த பிறகு வேகம்

பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் தாமதிக்கிறது. வைஃபையின் "ஹார்ட்வெயார் ப்ரொப்பட்டீஸ்" உள்ளே "டிஎன்எஸ் சேர்வர் அசைன்மென்ட்" என்பதை "மனுவல்" ஆக்கி, ஐபிவி4இல் முதலாவதாக 1.1.1.1, இரண்டாவதாக 8.8.8.8 கொடுங்கள். தளங்கள் சட்டென்று திறக்கும். டவுன்லோட் வேகம் இதனால் கூடாது. யூடியூப் முன்பைவிட நின்று நின்று ஓடினால் பழையபடி "ஓட்டோமெட்டிக்" ஆக்கிவிடுங்கள், நிறுவனத்தின் டிஎன்எஸ்தான் சில நேரம் கிட்டவுள்ள சேர்வரைக் காட்டும்.

தளமே திறக்காமல், பாதுகாப்பில்லை என்று எச்சரிக்கை வந்தால் கணினியின் திகதியைப் பாருங்கள். கரண்ட் போகும்போதெல்லாம் பழைய வருடத்துக்குப் போகிறதென்றால் மதர்போட்டில் உள்ள சிஆர்2032 என்ற நாணய பற்றரி தீர்ந்துவிட்டது. கடையில் மலிவாகக் கிடைக்கும்.

## அறிகுறி 5: கரண்ட் போய் வந்த பின், இடி மின்னலுக்குப் பின்

மின்வெட்டு நீண்டால் கிட்டவுள்ள டவரின் பற்றரி இறங்கி, உங்கள் ரவுட்டர் தூரத்து டவரைப் பிடிக்கும். கரண்ட் வந்து பத்து நிமிடம் கழித்து ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். வீட்டில் மின்வெட்டு அடிக்கடி என்றால் ரவுட்டருக்கென்றே குட்டி யுபிஎஸ் இருக்கிறது. வாங்க முன் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட்டும் அம்பியரும் அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஐப்பசி மாதத்துப் பின்னேர இடி இங்கே மோசமானது. இடி கேட்டவுடன் பிளக்கையும், வெளி அன்டனா அல்லது தொலைபேசி வயரையும் கழற்றுங்கள். சுவிட்ச் மட்டும் போதாது. இடிக்குப் பிறகு வைஃபை வருகிறது, கேபிளில் மட்டும் வரவில்லை என்றால் நெட்வொர்க் துளை எரிந்திருக்கும். வேறு துளையில் குத்திப் பாருங்கள். கருகிய மணம் வந்தால் திரும்ப பிளக்கில் போடாமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

## தொட வேண்டாதவை

"விண்டோஸ் 20 வீத வேகத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, அதை விடுவியுங்கள்" என்ற குறிப்பு பல வருடமாகச் சுற்றுகிறது. வேறொரு செயலி முன்னுரிமை கேட்டால் மட்டுமே அந்த ஒதுக்கீடு நடக்கும், மற்ற நேரம் முழு வேகமும் உங்களுக்குத்தான். மாற்றினாலும் எதுவும் கூடாது. விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தச் சொல்லும் குறிப்புகளும், இன்டர்நெட் பூஸ்டர் என்று இலவசமாக வருகிற மென்பொருள்களும் அப்படியே. பின்னதோடு விளம்பர வைரஸ் சேர்ந்து வருவது வழக்கம்.

## நிறுவனத்தைக் கூப்பிடும்போது

அறிகுறி 2இல் எல்லாம் செய்தும், காலை எண்ணே பக்கேஜில் சொன்னதற்குக் கிட்ட வராவிட்டால் கூப்பிடுங்கள். "ஸ்லோ" என்று மட்டும் சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லி முடித்துவிடுவார்கள். எழுதி வைத்ததைச் சொல்லுங்கள்: மூன்று நாள் காலை, இரவு வேகம், கேபிளில் எடுத்ததா வைஃபையில் எடுத்ததா, ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர், எந்தத் திகதியிலிருந்து. புகார் இலக்கம் கேட்டு வாங்குங்கள். இழுத்தடித்தால் அந்த இலக்கத்தோடு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம், தமிழிலேயே எழுதலாம்.